வீட்டுக் கணினியில் ‘அனுமதி இல்லை’ என்று மறுக்கப்படும் கோப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக் கணினியில், சொந்தமாக எடுத்த புகைப்படத்தைத் திறக்கப் போனால் ‘ஆக்செஸ் டினைடு’ என்று வருவது எவரையும் பதறச் செய்யும். அந்தப் பதற்றத்தில் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கிப் பார்த்து, திறக்காத ஒரு கோப்புறையைத் தொடங்காத கணினியாக மாற்றிக்கொள்பவர்கள் பலர். திரையில் தோன்றும் செய்தி ஒன்றாக இருந்தாலும் அதன் காரணங்கள் பல; அனுமதிகளை மாற்றுவது அவற்றுள் சிலவற்றுக்கு மட்டுமே மருந்து. ஆகவே காரணத்தைக் கண்டறிவதற்கு முன் எந்த அனுமதியையும் தொடாதீர்கள் என்பதே இந்தப் பக்கத்தின் அடிப்படை. பெரும்பாலான பதில்கள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றுக்கானவை; மேக், லினக்ஸ் பற்றிய கேள்விகள் பின்பகுதியில் உள்ளன.

மறுப்புச் செய்தி வந்தவுடன் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

செய்தியை முழுமையாகப் படித்து, முடிந்தால் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிழை எண் இருந்தால் அதுவே பாதி விடை. 80070005 என்று முடியும் எண், உங்கள் கணக்குக்கு அனுமதி இல்லை என்பதைக் குறிக்கிறது. 80070020 என்று முடிந்தால் வேறொரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று பொருள். 80070570 என்றால் கோப்போ வட்டோ சிதைந்திருக்கிறது; அனுமதிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

அடுத்து, திறக்க மறுப்பது ஒரே கோப்பா, முழுக் கோப்புறையா என்று பாருங்கள். ஒரு நிரலில் திறக்காதது வேறொரு நிரலில் திறக்கிறதா என்று சோதியுங்கள். படிக்க முடிந்து, சேமிக்க மட்டும் முடியவில்லையா என்பதையும் கவனியுங்கள். ஒரே ஒரு நிரல் மட்டும் தடுக்கப்படுகிறது என்றால் சிக்கல் பெரும்பாலும் பாதுகாப்பு மென்பொருளில் இருக்கும். இந்தச் சோதனைகளுக்கு ஐந்து நிமிடம் செலவிட்டால், பல மணி நேர வீண் அலைச்சலைத் தவிர்க்கலாம்.

என் கணக்கு நிர்வாகிக் கணக்கு. அப்படியிருந்தும் எனக்கே ஏன் மறுக்கப்படுகிறது?

2007ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, நிர்வாகியாக உள்நுழைந்தாலும் அன்றாட வேலைகள் சாதாரணப் பயனரின் அதிகாரத்துடன்தான் நடக்கின்றன. உங்கள் முழு அதிகாரம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். திரை மங்கி, ‘இந்த நிரல் மாற்றங்கள் செய்யலாமா’ என்ற கேள்வி வந்து, நீங்கள் ‘யெஸ்’ என்று அழுத்தும்போதுதான் அந்த ஒரு நிரலுக்கு மட்டும் அது வழங்கப்படுகிறது. நோட்பேடில் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பை (இணையதளப் பெயர்களை முகவரிகளுடன் இணைக்கும் கோப்பு) திருத்திச் சேமிக்க முயன்று தோற்பவர்கள் இதைத்தான் சந்திக்கிறார்கள். நோட்பேடை வலது கிளிக் செய்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ மூலம் திறந்து, அதன் உள்ளிருந்து அந்தக் கோப்பைத் திறந்தால் சேமிக்க முடியும். எந்த அனுமதியையும் மாற்றத் தேவையில்லை.

சி டிரைவின் மேல்மட்டத்திலும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையிலும் சொந்தக் கோப்புகளைச் சேமிக்க முயல்பவர்களுக்கும் இதே மறுப்புதான் வரும். அங்கே சேமிக்க வழி தேடுவதைவிட, ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறையில் சேமிப்பதே சரி. இந்தக் கேள்விப் பெட்டியையே நிறுத்திவிடச் சொல்லும் அறிவுரையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நீங்கள் அறியாமல் நுழையும் கெட்ட நிரலுக்கும் அதே முழு அதிகாரம் அப்போது கிடைத்துவிடும்.

பழுதான பழைய கணினியின் ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் புதிய லேப்டாப்பில் இணைத்தேன். அதிலுள்ள என் கோப்புறையையே திறக்க முடியவில்லை. படங்கள் அழிந்துவிட்டனவா?

அழியவில்லை. இந்த மறுப்பு மட்டுமே வருகிறது என்றால், பெரும்பாலும் எல்லாமே பத்திரமாக இருக்கின்றன.

நடப்பது இதுதான். விண்டோஸ் உங்களைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. கணக்கு உருவாகும்போதே அதற்கு எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று கொடுக்கப்படுகிறது. கோப்புகளின் அனுமதிப் பட்டியலில் எழுதப்படுவது அந்த எண்தான். வாசலில் பெயர்ப்பலகையை மாற்றினாலும் பத்திரத்தில் இருக்கும் பெயர் மாறாததைப் போல, கணக்கின் பெயரைப் பிறகு மாற்றினாலும் இந்த எண் மாறாது. புதிய லேப்டாப்பில் அதே பெயரில், அதே கடவுச்சொல்லுடன், ஏன், அதே மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டே நுழைந்தாலும் அந்தக் கணினி உங்களுக்கு வேறோர் எண்ணைத்தான் தரும். பழைய டிஸ்கைப் பொறுத்தவரை நீங்கள் புதியவர்.

இதை நேரிலேயே பார்க்கலாம். கோப்புறையை வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சென்று, ‘செக்யூரிட்டி’ தாவலில் ‘அட்வான்ஸ்டு’ பொத்தானை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியின் மேற்பகுதியில் ‘ஓனர்’ என்ற வரி இருக்கும். அதற்குக் கீழே அனுமதிப் பட்டியல்: ‘சிஸ்டம்’ ஒரு வரி, ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ ஒரு வரி, அவற்றுடன் ‘அக்கவுண்ட் அன்னோன்’ என்ற சொற்களும் பக்கத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கி நீளும் எண்ணும். அந்த அறியப்படாத கணக்கு, பழைய கணினியில் இருந்த நீங்களேதான். இந்த வரியைக் கண்டுவிட்டால் காரணம் உறுதியாகிவிட்டது.

தீர்வை இரண்டு படிகளாகச் செய்ய வேண்டும். முதற்படியோடு நின்றுவிடுவதால்தான் பலருக்கு ‘ஓனரை மாற்றியும் திறக்கவில்லை’ என்ற குறை எழுகிறது. முதலில் ‘ஓனர்’ வரியில் உள்ள ‘சேஞ்ச்’ என்பதை அழுத்தி, இப்போதைய கணினியில் உள்ள உங்கள் கணக்கின் பெயரைத் தட்டச்சு செய்து, ‘செக் நேம்ஸ்’ மூலம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் சி டிரைவின் ‘யூசர்ஸ்’ கோப்புறையைப் பாருங்கள். அதில் உங்களுக்குரிய கோப்புறையின் பெயரே பெரும்பாலும் கணக்கின் பெயராகவும் இருக்கும். பின்னர் ‘ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ் அண்ட் ஆப்ஜெக்ட்ஸ்’ என்ற கட்டத்தில் குறியிட்டு ‘அப்ளை’ செய்யுங்கள். ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தால் இதற்குச் சற்று நேரம் பிடிக்கும். பொறுத்திருங்கள், இடையில் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

உரிமையாளர் ஆனதால் மட்டும் கோப்பைப் படிக்கும் அனுமதி வந்துவிடாது; அனுமதிப் பட்டியலை மாற்றும் அதிகாரம்தான் வரும். எனவே எல்லாப் பெட்டிகளையும் மூடிவிட்டு மீண்டும் அதே இடத்துக்குச் சென்று, ‘ஆட்’ மூலம் உங்கள் கணக்கைச் சேர்த்து ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுங்கள். சேர்க்கும் பெயர் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என்ற குழுவாக இல்லாமல் உங்கள் தனிக் கணக்காக இருக்கட்டும். முந்தைய பதிலில் சொன்ன காரணத்தால், குழுவுக்குத் தரும் அனுமதி அன்றாடப் பயன்பாட்டில் உங்களுக்குக் கைகொடுக்காது.

முழு டிஸ்குக்கும் இதைச் செய்ய வேண்டாம். பழைய ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் உங்களுடைய கோப்புறைக்கு மட்டும் செய்து, தேவையானவற்றைப் புதிய லேப்டாப்பின் ‘பிக்சர்ஸ்’, ‘டாக்குமெண்ட்ஸ்’ போன்ற இடங்களுக்கு நகலெடுங்கள். நகலெடுக்கப்பட்ட கோப்புகள் புதிய இடத்தின் அனுமதிகளைப் பெற்றுவிடும். பழைய எண்ணின் தொல்லை அத்துடன் தீரும்.

மறுப்புச் செய்தியில் வரும் ‘கன்டின்யூ’ பொத்தானை அழுத்தினாலே திறந்துவிடுகிறதே, இத்தனை படிகள் எதற்கு?

பழைய டிஸ்கில் அதை அழுத்திப் பார்ப்பது தவறில்லை; பல நேரங்களில் அதுவே போதும். ஆனால் அந்தப் பொத்தான் கதவை ஒருமுறை திறந்துவிட்டு ஓய்வதில்லை என்பதை அறிந்திருங்கள். அது அந்தக் கோப்புறையின் அனுமதிப் பட்டியலிலும் அதற்குள் இருப்பவற்றின் பட்டியலிலும் உங்கள் கணக்கை நிரந்தரமாக எழுதிவிடுகிறது. ஒரே கணினியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் தனித்தனிக் கணக்குகள் இருக்கும்போது, ஏதோ ஒரு கோப்பை எடுப்பதற்காகத் தங்கையின் கோப்புறையில் அண்ணன் இதை அழுத்தினால், அன்றிலிருந்து அவளுடைய கோப்புறை அவனுக்கு எப்போதும் திறந்தே இருக்கும். அப்படி அழுத்தியிருந்தால் ‘செக்யூரிட்டி’ தாவலுக்குச் சென்று, சேர்க்கப்பட்ட வரியை நீக்கிவிடுங்கள். குடும்பத்துக்குள் பகிர வேண்டியவற்றை ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘பப்ளிக்’ கோப்புறையில் வைப்பதே நேர்மையான வழி.

உரிமையாளரையும் அனுமதியையும் மாற்றிவிட்டேன். கோப்புகளின் பெயர்கள் தெரிகின்றன. ஆனால் எதுவும் திறக்கவில்லை. ஏன்?

கோப்பின் படத்தில் சிறிய பூட்டுக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தக் கோப்புகள் என்கிரிப்ட் செய்யப்பட்டுள்ளன, அதாவது உரிய சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டுள்ளன. விண்டோஸின் ப்ரோ பதிப்புகளில் தனிக் கோப்புகளை என்கிரிப்ட் செய்யும் வசதி உண்டு. ஹோம் பதிப்பில் அது இல்லை. பழைய கணினியில் யாரோ ‘என்கிரிப்ட் கன்டென்ட்ஸ் டு செக்யூர் டேட்டா’ என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தால், அந்தக் கோப்புகளைத் திறக்கும் சாவி பழைய கணக்கின் சான்றிதழில் (சாவியைத் தாங்கிய டிஜிட்டல் அடையாளம்) இருக்கிறது. அனுமதிகளை எவ்வளவு மாற்றினாலும் அந்தச் சாவி கிடைக்காது. பழைய கணக்கில் உள்நுழைய முடிந்தால் அங்கிருந்தே என்கிரிப்ஷனை நீக்குங்கள். முன்பு சான்றிதழை ஏற்றுமதி செய்து வைத்திருந்தால் அதைப் புதிய கணினியில் நிறுவுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தக் கோப்புகளை மீட்க முடியாது. மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் எவரையும் நம்பாதீர்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு கண்ணி உண்டு. கணினியிலேயே உருவாக்கிய கணக்கின் கடவுச்சொல்லை அதன் உரிமையாளரே மாற்றினால் என்கிரிப்ட் செய்த கோப்புகளுக்குச் சிக்கல் இல்லை. வேறொரு நிர்வாகி அந்தக் கடவுச்சொல்லை வலிந்து மாற்றியமைத்தால், அந்தக் கோப்புகளைத் திறக்கும் வழி அடைபட்டுவிடும். கடவுச்சொல்லை மறந்த அப்பாவுக்கு உதவப் போகும் பிள்ளைகள், முதலில் இத்தகைய கோப்புகள் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

முழு டிஸ்கே பூட்டப்பட்டிருந்தால், அதாவது டிரைவைத் திறக்கும்போதே மீட்புச் சாவி கேட்கப்பட்டால், அது முழு டிரைவையும் என்கிரிப்ட் செய்யும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி. அதன் மீட்புச் சாவி 48 இலக்கங்கள் கொண்டது. மைக்ரோசாஃப்ட் கணக்குடன் அமைக்கப்படும் பல புதிய லேப்டாப்களில் இந்தப் பாதுகாப்பு உரிமையாளருக்குத் தெரியாமலேயே இயங்கத் தொடங்கியிருக்கும்; அந்நிலையில் சாவி அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றே அந்த எண்ணை எடுத்துக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். மதர்போர்டு பழுதான பிறகு அதைத் தேடி அலைவது மிகவும் வேதனையான வேலை.

‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்கு முழு அனுமதி கொடுத்துவிட்டால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடாதா?

அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும், அங்கே இயங்கும் ஏறக்குறைய எந்த நிரலும் உங்கள் கோப்புகளை அழிக்கலாம் என்று எழுதிக் கொடுப்பதற்கு அது சமம். மேலும், அது எப்போதும் பலிப்பதும் இல்லை. ஒரு கோப்பின் மீது நேரடியாக ‘டினை’ என்று எழுதப்பட்டிருந்தால், எத்தனை ‘அலோ’ சேர்த்தாலும் மறுப்பே வெல்லும். நேரடியாக எழுதிய மறுப்பு, நேரடியாக எழுதிய அனுமதி, மேல் கோப்புறையிலிருந்து இறங்கி வரும் மறுப்பு, அவ்வாறு இறங்கி வரும் அனுமதி என்ற வரிசையில்தான் விண்டோஸ் பட்டியலைப் படிக்கிறது. ஆகவே பட்டியலில் ‘டினை’ வரி இருக்கிறதா என்று பார்த்து, அது நீங்களோ வீட்டிலுள்ளவர்களோ எழுதியது என்று உறுதியானால் அதை நீக்குங்கள்.

ஒரு கோப்பு மட்டும் தன் கோப்புறையில் உள்ள மற்றவற்றைப் போல் நடந்துகொள்ளாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே டிரைவுக்குள் கட் செய்து ஒட்டினால், கோப்பு தன் பழைய அனுமதிகளைச் சுமந்துகொண்டே புதிய இடத்துக்குப் போகும். காப்பி செய்தால் புதிய இடத்தின் அனுமதிகளைப் பெறும். வேறொரு பயனரின் கோப்புறையிலிருந்து நகர்த்தி வந்த கோப்பு முரண்டு பிடித்தால், அதன் ‘அட்வான்ஸ்டு’ பெட்டியில், மேல் கோப்புறையின் அனுமதிகளை இறங்கி வரச்செய்யும் ‘எனேபிள் இன்ஹெரிட்டன்ஸ்’ பொத்தானை அழுத்துவதே போதுமானதாக இருக்கும்.

‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ கோப்புறையை நிர்வாகியாலும் திறக்க முடியவில்லை. இது வைரஸா?

இல்லை. அது உண்மையான கோப்புறையே இல்லை; விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நிரல்கள் பழைய முகவரியைத் தேடி வந்தால் இன்றைய ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குத் திருப்பிவிடும் வழிகாட்டி மட்டுமே. அதற்குள் பட்டியலிடுவது வேண்டுமென்றே மறுக்கப்பட்டுள்ளது. ‘அப்ளிகேஷன் டேட்டா’, ‘மை மியூசிக்’ போன்ற மங்கலான கோப்புறைகளும் இதே வகை. மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் அமைப்பை இயக்கியதால்தான் அவை உங்கள் கண்ணில் பட்டன. அவற்றின் அனுமதியை மாற்றினால், சில காப்பு நிரல்கள் ஒரே கோப்புறைக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து சுழலும் நிலை உண்டாகும்.

இதே எச்சரிக்கை ‘விண்டோஸ்’, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைகளுக்கும் பொருந்தும். அங்குள்ள பல கோப்புகளின் உரிமையாளர் ‘ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்ற கணக்கு. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் பயன்படுத்தும் சேவை அது. சி டிரைவ் முழுவதற்கும் உங்களை உரிமையாளர் ஆக்கச் சொல்லும் எந்த வழிமுறையையும் பின்பற்றாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதானால் இதையே வையுங்கள்.

கோப்புறையின் ‘ரீட் ஒன்லி’ கட்டத்தில் குறியை எடுத்தாலும் மறுபடி வந்துவிடுகிறது. என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். கோப்புறைகளுக்கு அந்தக் கட்டம் எப்போதும் நிரப்பிய சதுரமாகத்தான் தெரியும். உள்ளே எழுத முடியுமா என்பதை அது தீர்மானிப்பதில்லை. தனிக் கோப்பில் தெளிவான சரிக்குறி இருந்தால் மட்டுமே அதை நீக்குவதில் பொருள் உண்டு.

ஒரு நிரலில் மட்டும் எதையும் சேமிக்க முடியவில்லை. மற்ற நிரல்களில் சிக்கலே இல்லை. காரணம் என்ன?

2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்செஸ்’ என்ற பாதுகாப்பு இருக்கிறது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரைத் தடுப்பதற்காக, அறியப்படாத நிரல்கள் ‘டாக்குமெண்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ போன்ற இடங்களில் எழுதுவதை இது தடுக்கும். இது தானாக இயங்குவதில்லை. நீங்களோ கணினியை அமைத்துத் தந்தவரோ இயக்கியிருக்க வேண்டும். தடுக்கப்படும் நிரல் உண்மைக் காரணத்தை அறியாமல் ‘கோப்பு காணப்படவில்லை’ என்று சொல்லிக் குழப்புவதும் உண்டு. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடக்ஷன்’ பகுதிக்குச் சென்று ‘ப்ரொடக்ஷன் ஹிஸ்டரி’யைத் திறந்தால், எந்த நிரல் எப்போது தடுக்கப்பட்டது என்பது பதிவாகியிருக்கும். நம்பகமான நிரல் என்றால் அதை மட்டும் அனுமதிக்கப்பட்டவற்றுள் சேருங்கள். பாதுகாப்பை முழுமையாக அணைக்க வேண்டாம்.

கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ முயன்றால் ‘வேறு நிரலில் திறந்திருக்கிறது’ என்கிறது. ஆனால் எதுவும் திறந்திருக்கவில்லையே?

உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் திறந்திருக்கலாம். எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பலகை, வைரஸ் சோதனை, மேகச் சேமிப்பு ஒத்திசைவு ஆகிய மூன்றும் அடிக்கடி இதற்குக் காரணமாகின்றன. ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ நிரலைத் திறந்து, ‘சிபியூ’ தாவலில் ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ தேடல் பெட்டியில் கோப்பின் பெயரில் ஒரு பகுதியைத் தட்டச்சு செய்தால், அதைப் பிடித்து வைத்திருக்கும் நிரலின் பெயர் தெரியும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பை நிறுவினால், வலது கிளிக் செய்தே இதைக் கண்டுகொள்ளலாம்.

கணினியை அணைத்துவிட்டு மறுபடி இயக்குவதற்குப் பதிலாக ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் உள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ காரணமாக, ‘ஷட் டவுன்’ செய்யும்போது விண்டோஸின் மையப்பகுதி முழுமையாக மூடப்படுவதில்லை.

வேர்டு ஆவணம் ‘உங்கள் பெயராலேயே’ பூட்டப்பட்டிருப்பதாகச் சொன்னால், மின்தடையின்போது வேர்டு பாதியில் நின்றிருக்கும். அதே கோப்புறையில், அலைக்குறியும் டாலர் குறியும் முன்னொட்டாகக் கொண்ட சிறிய மறைகோப்பு ஒன்று தங்கியிருக்கும். வேர்டை முழுமையாக மூடிவிட்டு அதை மட்டும் நீக்குங்கள், ஆவணம் திறக்கும்.

ஒன்டிரைவில் இருக்கும் கோப்பு, இணையம் இல்லாத நேரத்தில் திறப்பதில்லையே?

அந்தக் கோப்பின் பெயர்தான் உங்கள் கணினியில் இருக்கிறது; உள்ளடக்கம் இணையத்தில் இருக்கிறது. பக்கத்தில் மேகக் குறி இருந்தால் இதுவே காரணம். இணையம் இருக்கும்போது கோப்புறையை வலது கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தால் முழுக் கோப்பும் இறங்கிவிடும். அனுமதிகளை மாற்றுவதால் இங்கே பயனில்லை.

பென்டிரைவில் எதையும் எழுத முடியவில்லை. ‘செக்யூரிட்டி’ தாவலும் காணோம். ஏன்?

பெரும்பாலான பென்டிரைவ்கள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவத்தில் உள்ளன. அந்த வடிவங்களில் பயனர் அனுமதி என்ற ஏற்பாடே இல்லாததால் அந்தத் தாவலும் இருக்காது. மெமரி கார்டு என்றால் அதன் பக்கவாட்டில் உள்ள சிறிய பூட்டு நெம்புகோலைப் பாருங்கள். செருகும்போது அது கீழிறங்கியிருக்கலாம். ஒரு பெரிய காணொளியை மட்டும் ஏற்க மறுத்தால், ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டக் கூடாது என்ற வரம்பே காரணம். உள்ளே இருப்பவற்றை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்றலாம்.

நேற்றுவரை எழுதிய பென்டிரைவ் திடீரென்று ‘ரைட் ப்ரொடெக்டட்’ என்றால், அதன் நினைவகச் சில்லு தேய்ந்து, இருப்பதையாவது காப்பாற்றத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு மிகுதி. ஃபார்மட் செய்ய மன்றாடுவதை விட்டு, உள்ளிருப்பதை உடனே நகலெடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

தமிழில் பெயரிட்ட கோப்புறைகளை நகலெடுக்கும்போது மட்டும் பிழை வருகிறது. தமிழில் பெயரிடக் கூடாதா?

தாராளமாகப் பெயரிடலாம், தமிழ்ப் பெயர்களை இன்றைய இயங்குதளங்கள் எல்லாமே ஏற்கின்றன. சிக்கல் நீளத்தில் இருக்கிறது. விண்டோஸில் டிரைவின் எழுத்திலிருந்து கோப்பின் பெயர்வரை மொத்த முகவரியும் 260 குறிகளுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய வரம்பு. நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பதைக் கணினி பல நேரம் இரண்டு குறிகளாக எண்ணுகிறது. ‘கு’ என்பது ககரமும் உகரக் குறியும், ‘ம்’ என்பது மகரமும் புள்ளியும். ‘குடும்பப் புகைப்படங்கள்’ என்ற பெயரில் நம் கண்ணுக்கு 13 எழுத்தும் ஓர் இடைவெளியும்தான். கணினிக்கு அது 23 குறிகள். இப்படிப்பட்ட பெயர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்படும்போது வரம்பு விரைவில் தாண்டப்படுகிறது.

லினக்ஸில் கணக்கு இன்னும் இறுக்கமானது. அங்கே ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுத்துக்கொள்வதால் ஏறத்தாழ 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். விண்டோஸில் ஏற்கப்பட்ட நீண்ட தலைப்பு லினக்ஸில் மறுக்கப்படுவது இதனால்தான். மேல் கோப்புறைகளின் பெயர்களைச் சுருக்குவது எளிய தீர்வு. 2016 முதல் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் 260 என்ற வரம்பைத் தளர்த்த முடியும் என்றாலும், நிரலும் அதற்கேற்ப எழுதப்பட்டிருந்தால்தான் அது உதவும்.

‘கோப்பு சிதைந்துள்ளது, படிக்க இயலவில்லை’ என்று வந்தால்?

கையை எடுத்துவிடுங்கள். டிஸ்கில் ‘டிக், டிக்’ என்ற ஒலி கேட்டாலோ, ‘ஈவென்ட் வியூவர்’ நிரலின் ‘சிஸ்டம்’ பதிவில் டிஸ்க் என்ற பெயருடன் 7 என்ற எண் கொண்ட பிழைகள் வரிசையாக இருந்தாலோ, வட்டு சாகத் தொடங்கியிருக்கிறது. அந்நிலையில் ‘செக்டிஸ்க்’ என்ற வட்டுச் சோதனை நிரலை ஓட்டினால் பலவீனமான வட்டு மேலும் பல மணி நேரம் உழைக்க நேரும். பழுதுபார்க்கும் முயற்சியில் அது வட்டில் எழுதவும் செய்யும். முதலில் படிக்க முடிவதை எல்லாம், மிக முக்கியமானவற்றிலிருந்து தொடங்கி, வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். பழுதுபார்ப்பு அதன் பிறகே.

வீட்டு வைஃபையில் இன்னொரு கணினியின் பகிர்ந்த கோப்புறையைத் திறக்கும்போது கடவுச்சொல் கேட்கிறது. சரியாகக் கொடுத்தாலும் ஏற்கவில்லை.

நீங்கள் கொடுப்பது பின் எண்ணாக இருக்கலாம். பின் எண் அந்த ஒரு கணினியில் உள்நுழைய மட்டுமே. வலையமைப்பில் கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான் செல்லும். அதுவும் கோப்புறையைப் பகிர்ந்த கணினியின் கணக்கு, கடவுச்சொல். கடவுச்சொல்லே வைக்காத கணக்காலும் வலையமைப்பு வழியாக நுழைய முடியாது. உள்ளே நுழைந்த பிறகும் எழுத முடியாவிட்டால், பகிர்வு அனுமதி, கோப்புறை அனுமதி ஆகிய இரண்டையும் பாருங்கள்; இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும்.

மேக் கணினியில் ‘ஆபரேஷன் நாட் பர்மிட்டட்’ என்று வருகிறது. அங்கும் இதே வழிதானா?

அங்கே முதலில் பார்க்க வேண்டியது தனியுரிமை அமைப்பு. 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றைத் தொட ஒவ்வொரு செயலியும் உங்கள் இசைவைக் கேட்க வேண்டும். அவசரத்தில் ஒருமுறை மறுத்திருந்தால், அந்த மறுப்பு நினைவில் வைக்கப்படும். ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ சென்று ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் ‘ஃபைல்ஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ என்பதன் கீழ் அதை மாற்றலாம். விண்டோஸில் பயன்படுத்திய வெளி ஹார்டு டிஸ்கில் படிக்க முடிந்து எழுத முடியவில்லை என்றால் அது பழுதில்லை. விண்டோஸ் வட்டுகளின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் மேக் இயல்பாகவே படிக்க மட்டும் செய்யும்.

லினக்ஸில் விண்டோஸ் டிரைவ் திடீரென்று எழுத மறுக்கிறது. என் சொந்தக் கோப்புகள் சிலவும் பூட்டுக் குறியுடன் தெரிகின்றன.

இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களும் இருந்தால், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ காரணமாக விண்டோஸ் அரைத்தூக்கத்தில் நின்றிருக்கும். அந்த நிலையில் எழுதினால் தரவு சிதையும் என்பதால் லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. அது செய்வது சரி. வலிந்து எழுதவைக்கும் வழிகளைத் தேடாமல், விண்டோஸில் நுழைந்து அந்த வசதியை அணைத்துவிட்டு முறையாக மூடுங்கள்.

சொந்தக் கோப்புகளில் பூட்டு தெரிந்தால், ஏதோ ஒரு நிரலைச் ‘சுடோ’ (நிர்வாக அதிகாரம் தரும் கட்டளை) சேர்த்து இயக்கியிருப்பீர்கள். அது உருவாக்கிய கோப்புகளுக்கு ‘ரூட்’ என்ற முழு அதிகாரக் கணக்கு உரிமையாளர் ஆகிவிட்டது. அந்தக் கோப்புகளின் உரிமையை மட்டும் உங்கள் பெயருக்குத் திரும்ப மாற்றினால் போதும். உங்கள் கணக்கின் முழு வீட்டுக் கோப்புறைக்கும் 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) கொடுக்கும் அறிவுரையை ஏற்காதீர்கள். எல்லோரும் படிக்கக்கூடிய தனிச்சாவியை (உள்நுழைவுக்கான இரகசியக் கோப்பு), தொலைவிலுள்ள கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் போன்ற நிரல்கள் பயன்படுத்தவே மறுத்துவிடும்.

ஏற்கெனவே பல கோப்புறைகளின் அனுமதிகளைக் குழப்பிவிட்டேன். பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?

குழம்பியது சொந்தக் கோப்புறைகள் மட்டுமென்றால் எளிது. அவற்றின் மேல் கோப்புறையின் அனுமதி சரியாக இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு சிக்கலான கோப்புறையின் ‘அட்வான்ஸ்டு’ பெட்டியில் ‘எனேபிள் இன்ஹெரிட்டன்ஸ்’ அழுத்தி, ‘ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட் பர்மிஷன் என்ட்ரீஸ்’ என்று தொடங்கும் கட்டத்தில் குறியிட்டு ‘அப்ளை’ செய்யுங்கள். உள்ளே தனித்தனியாக எழுதப்பட்ட அனுமதிகள் நீங்கி, மேலிருந்து இறங்குவது மட்டும் எஞ்சும்.

‘விண்டோஸ்’ கோப்புறையிலோ சி டிரைவின் மேல்மட்டத்திலோ மாற்றியிருந்தால், ஒவ்வொன்றாகச் சரிசெய்ய முயல்வதில் பயனில்லை. ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு ஆயிரம் விதமான அனுமதிகள் அங்கே இருந்தன. முதலில் சொந்தக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகல்கள் திறக்கின்றனவா என்று சோதியுங்கள். அதன்பின் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை இயக்கி, ‘கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்’ என்பதைத் தேர்ந்து மறுநிறுவல் செய்யுங்கள். அதுவும் பாதியில் நின்றால், வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவ வேண்டும்; முன்பே எடுத்து வைத்த நகல் அப்போதுதான் கைகொடுக்கும்.